உப்பில்லாத எட்டு மாதம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். எந்த முகத்தோடு போவது? அங்கே வாழும் மகள் அஸ்வினியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. "அந்தப் பையன்தான் வேணும்னா, அப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்க" என்று சொன்ன வாய் இது. அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக என் போனை எடுப்பதில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சத்தம் போடுவது மிக்ஸி மட்டும்தான்.

அதனால்தான் ஓட ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஓடி, டீ குடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவேன். அதைத் தாண்ட எனக்குப் பயம். தாண்டினால் திண்டிவனம் வந்துவிடுமே!

போன ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டேன். மகள் என்னோடு ஒரு வார்த்தை பேசும்வரை சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதில்லை என்று. எட்டு மாதம் ஓடிவிட்டது. கால் இழுத்தது, தலை சுற்றியது. ஓடுபவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், "தண்ணி நல்லா குடிங்க சார்" என்றார் ராஜ்குமார். வேண்டுதலை அவரிடம் சொல்லாதது என் திமிர்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, வருவது வரட்டும் என்று டோல்கேட்டைத் தாண்டினேன். வழியெல்லாம் தண்ணீர். குமட்டியது, இன்னும் குடித்தேன். திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் பெயர் கேட்டபோது தாண்டவராயன் என்று சொல்லத் தெரியவில்லையாம். அஸ்வினியின் நம்பரை மட்டும் தப்பில்லாமல் சொன்னேனாம்.

மறுநாள் தெளிந்து பார்த்தால், கட்டிலருகே அஸ்வினி. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள்.

டாக்டர் திட்டினார். "வேர்வையில உப்பு போவுது. சாப்பாட்டுலயும் உப்பில்ல. அதுக்குமேல குடம் குடமா தண்ணி. ரத்தத்துல இருக்குற உப்பு குறைஞ்சா உயிருக்கே ஆபத்துங்க. ஏன் உப்ப விட்டீங்க?"

"கோயில் வேண்டுதலுங்க."

"என்னா வேண்டுதலாம்? கேளுங்க சிஸ்டர்" என்றாள் அஸ்வினி, நர்ஸ் காந்திமதியிடம். நான் ஓரடி தள்ளித்தான் கிடக்கிறேன்!

அதை எப்படிச் சொல்வேன்? சொல்லிப் பேச வைத்தால் அது பிச்சை.

மத்தியானம் தூக்கில் கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். காந்திமதி அதைத் தம்ளரில் ஊற்றி, கூட வந்த உப்புப் பொட்டலத்தோடு என் தலைமாட்டில் வைத்தாள். "உப்பு போட்டிருக்கு, குடிக்கச் சொல்லுங்க சிஸ்டர்." சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தாள்.

இவள் பேசப்போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்துபோயிற்று. போதும் தாயே, தோற்றுவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு பத்துதான்னு கேளுங்க சிஸ்டர்."

காந்திமதி அடுத்த வார்டுக்குப் போயிருந்தாள். அஸ்வினி திரும்பிப் பார்த்தாள். அறையில் நாங்கள் இருவர்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், விட்டாள்.

"உப்பு பத்துதாப்பா?"

ஒரு வாய் முந்திவிட்டேன். எட்டு மாதம் பொறுத்தவன், ஒரு வாய்க்குப் பொறுக்கவில்லை.

உப்பே படாத நாக்குக்குக் கூழ் கரித்துக்கொண்டு இறங்கியது.

"பத்தலம்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் போடு."

தலைமாட்டில் இருந்த உப்பை எடுக்க அவள் என் பக்கத்தில் வரவேண்டியிருந்தது.