முக்கால் லிட்டர்

நாற்காலிகளை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோதும் டிரைவர் வயிற்றிலிருந்து இடது கையை எடுக்கவில்லை. சட்டைக்குள் பெல்ட்டில் செருகிய நோட்டுப் புத்தகம் நழுவிவிடக் கூடாது. கூடத்துக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தாள். காலையில் எழுப்பப் போனபோதே உடம்பு சில்லிட்டிருந்தது. மூன்று மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும்.

நோட்டு மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. நேற்றுச் சாயங்காலம் அவர் செய்த காரியம் அதில் எழுதியிருக்கிறது.

மனைவிக்கு ஒன்பது வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதற்கு முன்பே வந்து இடம்பிடித்திருந்தன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாள்களில் தபால் ஆபீஸ். நாலு டாக்டர்கள், பதினாலு மாத்திரைகள். ஒரு டாக்டர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது, எல்லாம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். கடிதம் பிரிக்கிற கை மாத்திரைகளையும் வேளை பார்த்துப் பிரித்தது. ஒரே மருந்தை இருவர் வேறு வேறு பெயரில் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, "சார், நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை போன்ல பேசிக்கோங்களேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து டயாலிசிஸ் பிரிவில் அவள் பெயர் 'லீடர்'.

எல்லாவற்றிலும் கொடுமை தாகம்தான். டீ, பால் எல்லாம் சேர்த்து நாளுக்கு முக்கால் லிட்டர். ஒவ்வொரு மடக்கையும் அளந்து நோட்டில் எழுதுவாள். ஒரு நாள்கூட மீறியதில்லை. அவள் எதிரே குடிக்க மனம் வராமல் அப்பாவும் மகளும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் தண்ணீர் குடிப்பார்கள். "திருட்டுப் பூனைங்களா, மடக்மடக்னு இங்க வரைக்கும் கேக்குது" என்று கூடத்திலிருந்து சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் நேற்று நாலு மணிக்குக் கேட்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. முழுசா."

"இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சே."

"தெரியும். குடுங்க."

"வேணாம்மா. நாளைக்கு டயாலிசிஸ் முடிஞ்சதும் தரேன்."

மூன்றாவது முறை கேட்கவில்லை, பார்த்தாள். கொடுத்துவிட்டார். கண்ணை மூடிக் குடித்தாள். பிறகு பேனாவை எடுத்து நோட்டில் எழுதினாள்; என்ன எழுதினாள் என்று பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிய மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரால் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டதாக நம்பினார்.

"என்னப்பா, வயிறு வலிக்குதா?" என்றாள் மகள், வயிற்றை விட்டு எடுக்காத கையைப் பார்த்து.

"ஒண்ணும் இல்ல. நீ போ."

டயாலிசிஸ் நர்ஸ் டியூட்டி உடுப்போடு வந்தாள். லீடரின் காலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, லீடரோட நோட்டு எங்க? புதுசா வர்ற நோயாளிங்களுக்கு அதைக் காட்டித்தான் சொல்லிக்குடுப்பாங்க. எனக்கப்புறம் நீ வெச்சுக்கோன்னு போன வாரம் சொன்னாங்க."

"எனக்கப்புறம்னா?"

"இதயம் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. அப்புறம் இவரு நேரா பாத்து பஸ் ஓட்ட மாட்டாருன்னு."

டிரைவர் சட்டைக்குள்ளிருந்து நோட்டை உருவினார். அட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"நேத்து ஒரு டம்ளர் கூடக் குடுத்துட்டேன்மா. என்னாலதான்."

"ஒரு டம்ளர்ல உயிர் போகாதுண்ணா" என்றவள் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவரிடமே நீட்டினாள்.

'4 மணி. ஒரு டம்ளர், முழுசாக. நானாகக் கேட்டேன். அவர் ரெண்டு தடவை முடியாது என்றார். ரொம்ப நன்றாக இருந்தது.'

திரும்பத் திரும்பப் படித்தார். அழுகையோடு பெருமையும் பொங்கி வந்தது. "ஒரு சொட்டைக்கூட மறைச்சவ இல்ல" என்று சொல்லி நோட்டை நர்ஸ் கையில் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் தட்டில் தண்ணீர் டம்ளர்களைக் கொண்டுவந்தார். நல்ல வெயில். கூடத்தில் எல்லோரும் எடுத்துக் குடித்தார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத டிரைவரும் ஒரு டம்ளரை எடுத்தார். கட்டிலை ஒருமுறை பார்த்தார். டம்ளரோடு எழுந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனார்.

அங்கே மகள் ஏற்கெனவே ஒரு டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். இருவரும் சத்தம் வராமல் குடித்தார்கள்.