கை எட்டாத முதுகு

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் அக்காவும் தங்கையும். இருவர் சொன்னதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அன்றைக்கு அழுதது யார் என்பதில் அவர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. நடுவில் நானாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்றும் இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அரிப்பு மட்டும் நிஜம்.

தங்கை, சட்டைக் காலர் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். அவள் கணவன் முதியோர் இல்லத்தில் உதவியாளன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டித் துடைத்து உட்கார வைப்பது அவன் வேலை. தெருவில் அவனுக்கு 'சவுக்காரம்' என்று பெயர். குழாயை மூடுவதற்கு முன் குழாய்க்கும் சோப்புப் போடுகிற ஆள். வீட்டுக்குள் வந்தால் முதலில் குளியலறை, பிறகுதான் பெண்டாட்டி முகம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்காது. ஒருநாள் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் படுக்கப் போனான். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அந்தப் பயத்துக்கே சாட்சி சொன்னது. தன் துணியைத் தானே துவைத்தான். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தால் லேசில் திறக்காது. வெளியே வரும்போது மேலெல்லாம் ஏதோ ஒரு வாசனை. தெரியாமல் கை பட்டால்கூட வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஆனால் பேச்சில் மட்டும் பழைய அன்பு குறையவில்லை. அதுதான் அவளை அதிகமாக அறுத்தது. வெறுத்தவன் வாயை மூடிக்கொள்வான், ஏமாற்றுகிறவன்தான் இனிக்க இனிக்கப் பேசுவான் என்று பட்டறையில் பொத்தான் தைக்கும் அம்மாள் எப்போதோ சொன்னது காதிலேயே இருந்தது.

சேதி அக்காவுக்குப் போனது. அக்கா பெட்டியோடு வந்தாள். தங்கையோடு ஒரே கட்டிலில் படுத்தாள், எல்லாவற்றையும் கேட்டாள், இரண்டு நாள் மாப்பிள்ளையை வேவு பார்த்தாள், ஒருமுறை அவன் சட்டைக்குள் கைவிட்டுச் சொறிவதையும் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"இவ்வளவு குளிக்கிறவனுக்கு உடம்பு அரிக்காதுடி. புத்திதான் வேற எங்கயோ அரிக்குது. கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போலாம்."

தங்கை பெட்டியை எடுத்து வைத்தாள். மதியம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே விரல் இடுக்கில் அரித்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். காலர்த் துணியின் தூசி என்று நினைத்திருந்தாள். மனக்கவலை என்றும் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அவன் வேலை முடிந்து வந்தான். பெட்டியைப் பார்த்தான். பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொறிந்துகொண்டிருந்த அவள் கையையே பார்த்தபடி வெகுநேரம் நின்றான். குளிக்கவும் போகவில்லை. அக்கா அதை இன்றும் அதிசயமாகச் சொல்கிறாள்.

"எப்பலேர்ந்து அரிக்குது?" என்றான்.

அவன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக் கையை நீட்டினான். மணிக்கட்டில், விரல் இடுக்குகளில், முழங்கை மடிப்பில் சிவப்புச் சிவப்பாகச் சின்னக் கொப்புளங்கள்.

"உனக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் வெளிய படுத்தேன். அதுக்குள்ள ஒட்டிடுச்சு போல."

அக்கா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொறியா? வெறும் சொறியா தம்பி?" என்று கேட்டாளாம். அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று தங்கை சொல்கிறாள்.

"வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் தங்கை.

"சவுக்காரத்துக்கே சொறின்னா ஊரு சிரிக்காதா?"

மறுநாள் காலை மூவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அம்மாள் பூதக்கண்ணாடியால் விரல் இடுக்கைப் பார்த்தார். தோலில் பென்சில் கீறல் போல ஒரு மெல்லிய கோடு ஓடியது. கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது, அதன் தடம்தான் அது என்றார். அழுக்கனா சுத்தக்காரனா என்று அது பார்ப்பதில்லை, தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டி இருந்தால் போதும், கிழவர்களை அணைத்துத் தூக்குகிறவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார். தங்கையின் கணவன் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டதாகவும் கேட்கவில்லை என்றும் அவன் சொன்னான். எங்கெங்கே போட்டாய் என்று டாக்டர் கேட்டார். அரித்த இடத்தில் என்றான்.

"அரிச்ச எடத்துல மட்டும் போட்டா அது பக்கத்து வீட்டுக்குக் குடி போயிடும். கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் போடணும், நகத்துக்கு அடியிலகூட. சரி, முதுகுக்கு யார் போட்டுவிட்டா?"

அவன் தரையைப் பார்த்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தங்கைக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் களிம்பு போட்டு, மறுநாள் காலையில்தான் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. நடுவில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் போட வேண்டும். உடுத்தியது, விரித்தது, போர்த்தியது எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்துக் காயவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் கட்டிச் சில நாள் மூடி வைக்க வேண்டும். இல்லத்திலும் சொல்லியே ஆக வேண்டும். தனக்கு அரிக்கவே இல்லையே என்றாள் அக்கா. புதிதாக ஒட்டினால் அரிப்புத் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், ஒரே கட்டிலில் படுத்தீர்கள் அல்லவா என்று அவளுக்கும் சேர்த்து எழுதிவிட்டார்.

சாயங்காலம் தங்கை அவன் முதுகுக்குக் களிம்பு தடவினாள். முதலில் அவன் கூசி நெளிந்தான். பிறகு அசையாமல் இருந்தான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்; அது அக்காதான் என்கிறாள் தங்கை, தங்கைதான் என்கிறாள் அக்கா. நடுமுதுகில், தோள்பட்டைகளுக்கு இடையில் அவள் விரல் நின்றது.

"இங்க போட்டதே இல்ல, இல்ல?"

"எட்டல."

"சொல்லியிருந்தா எட்டியிருக்கும்."

உள்ளறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அடியே, ஊர் நியாயத்தையெல்லாம் சொறிஞ்சுவிட வந்தவ நான். என் முதுகுக்கும் வந்து போடுடி."

இரண்டாம் முறையும் களிம்பு போட்டு நாலைந்து நாள் கழித்து மறுபடியும் அரித்தது. அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவள் அதைப் பிடுங்கிக் கட்டிலிலேயே போட்டாள். உண்ணி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், அதற்குப் பயந்து சும்மா சும்மா களிம்பைப் பூசாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"அது போயிடுச்சு. அதோட கோபம் மட்டும்தான் பாக்கி. படுங்க," என்றாள்.

அரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. இல்லத்தில், வறண்ட தோல் என்று விட்டுவைத்திருந்த கிழவர்களுக்கும் அவர்களைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரே நாளில் மருந்து போட்டார்கள். சவுக்காரம் அங்கேதான் இன்னும் வேலை செய்கிறான், முன்பு போலவே குழாயைக் கழுவுகிறான். தங்கை காலர் தைக்கிறாள். அக்கா பெட்டியோடு தனியாகத் திரும்பிப் போனாள். அவளுக்குக் கடைசிவரை அரிக்கவில்லை. முன்னறையில் இப்போது யாரும் படுப்பதில்லை.