கீறல் விழாமல் பனி அகற்றும் முறை

1

ஆக்லாந்தில் பனி பெய்யாது. அது தெரிந்தும் "காரின் பெயிண்டில் கீறல் விழாமல் பனி அகற்றுவது எப்படி" என்று அரைப் பக்கம் எழுதியவள் நான். பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாத இதழில், 1996 ஜூலையில், ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் வராமல் போய் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. டொராண்டோவில் இருக்கும் தோழி அனுப்பிய பத்திரிகையில் அப்படி ஒரு குறிப்பு இருந்தது. தமிழில் எழுதினேன், என் கையெழுத்திலேயே. எல்லர்ஸ்லியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ஆபீஸின் ஜெராக்ஸ் மெஷினில் இருநூறு பிரதி எடுத்தேன். யாரும் படிக்கப் போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். இது அவர்கள் கதை. இதில் நான் வில்லியா, துணைப் பாத்திரமா என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

"வெண்பட்டு விரித்தாற்போல் பனி—" வேண்டாம். நான் திருநெல்வேலிக்காரி. பனியை ஃப்ரீசரின் உள்சுவரில்தான் பார்த்திருக்கிறேன்.

"வசந்தமலர் ஒரு பரிதாபமான அகதி—" இதுவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் ஃபோனில் கேட்ட அந்தக் குரலில் பரிதாபம் எதுவும் இல்லை.

"வசந்தமலர் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர்." இது இருக்கட்டும்.

சண்டை துரத்தி, கணவர் தியாகலிங்கத்தோடு அவர் ஆக்லாந்து வந்து ஐந்து வருஷமாகிறது. ஒடாஹுஹுவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு மூடி போடுகிறார். டீச்சர் வேலைக்காக இரண்டு பள்ளிகளில் இன்டர்வியூ போனார். இரண்டிலும் மரியாதையான ஒரு புன்னகை, ஒரே பதில்: உங்கள் இங்கிலீஷ் பிள்ளைகளுக்குப் புரியாது. ஆகஸ்டில், நியூசிலாந்தின் குளிர்காலத்தில், மூன்றாவது அழைப்பு வந்தது. தெற்கே ஐந்து மணி நேரக் கார்ப் பயணம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இதுவும் கிடைக்கவில்லை என்றால் இனி எங்கும் விண்ணப்பிப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

தியாகலிங்கம் அதே ஒடாஹுஹுவில், கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கோ மோதி யாரோ கழித்துவிட்ட பழைய டொயோட்டாவை வாங்கி, ஆறு மாதச் சனிக்கிழமைகளைச் செலவழித்துத் தட்டி நிமிர்த்தி, கரும்பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். அந்தக் காரில்தான் போனார்கள்.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கே: யாழ்ப்பாணத் தமிழ் என் தமிழ் இல்லை. நான் பேசுகிறேன், அவர்கள் கதைக்கிறார்கள். பின்வரும் பேச்சில் பிழை இருந்தால் பழி என் காதுக்கு.)

3

திங்கட்கிழமை சாயங்காலம் மலையடிவாரத்தில் ஒரு மோட்டலில் தங்கினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் காரைக் காணோம். அது நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல்.

"ஐயோ, இதுக்குள்ளையோ எங்கடை கார்?"

"ஓம். ஒரு சாணுக்கு மேலை கிடக்கு."

மோட்டல்காரப் பெண்மணி ஒரு இரும்பு மண்வெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லோரும் இதை வைத்துத்தான் வழிப்பார்கள் என்றார். தியாகலிங்கம் வாங்கவில்லை. கொஞ்சம் பனியை அள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அது எரிமலை, அந்த வருஷம் சாம்பல் கக்கிக்கொண்டிருந்தது. பனி நரநரத்தது.

"இது பனியில்லை, மலர். உப்புத்தாள் மாதிரி. இழுத்து வழிச்சால் பெயின்ற் முழுக்கப் போச்சு."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். என் அரைப் பக்கம்.

முதலில் புகைக்குழாயைச் சுற்றி இருந்ததைக் கையால் தோண்டினார். பிறகு கூரை. நான் 'மென்மையான துடைப்பம்' என்று எழுதியிருந்தேன். அவர் மோட்டலில் தும்புத்தடி என்று அவர்கள் சொல்லும் நீளத் துடைப்பம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். மேல் பனியை மட்டும் பக்கவாட்டில் தள்ளினார். இழுக்கவில்லை, அழுத்தவில்லை. அடியில் ஒரு விரல் கனத்தைத் தொடாமல் விட்டு, எஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டார். அது இளகித் தானாக வழுக்கும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த பக்கம். அவர் செய்ததைக் கேட்டபிறகுதான் நான் எழுதியது எனக்கே புரிந்தது.

மணி எட்டரை.

"இஞ்சாருங்கோ, பத்து மணிக்கு நான் அங்கை நிக்கோணும்."

"நிப்பீர்."

"பெயின்ற் முக்கியமோ, நான் முக்கியமோ?"

தியாகலிங்கம் நிமிரவில்லை. "கீறல் விழுந்த காரிலை உம்மைக் கொண்டுபோய் இறக்கேலாது. அவை முதல்லை காரைத்தான் பாப்பினம்."

கடைசியாக முன்கண்ணாடி. அதில் பனி கல்லாக இறுகியிருந்தது. எவ்வளவு நேரமானாலும் அசையும் என்று தோன்றவில்லை.

"கடைசி வரியை வடிவா வாசியும், மலர்."

"'கண்ணாடியில் உறைந்த பனிமீது சுடுநீர் ஊற்ற வேண்' எண்டு நிக்குது."

"ஊற்ற வேணும் எண்டோ?"

"வேறை என்ன? வேண்டாம் எண்டால் ஏன் மினக்கெட்டு எழுதுகினம்?"

இங்கே நான் நிறுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதியது 'வேண்டாம்'. வரியில் இடம் போதாமல் 'டாம்' அடுத்த வரிக்குப் போனது. அடுத்த வரி ஜெராக்ஸ் தாளுக்கு வெளியே போனது.

வசந்தமலர் அறைக்குள் ஓடி மின்கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து, இடது பக்கமாக ஊற்றினார். 'டக்' என்று ஒரு சத்தம். பனி வழிந்து போனது. அது போன இடத்தில், கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

4

இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதினேன். "எல்லாம் உன்னாலதான்—" என்று அவர் கத்த, "உங்கள் பாழாய்ப்போன கார்—" என்று இவர் திருப்ப. நன்றாகவே வந்திருந்தது. வசந்தமலரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"அப்பிடி நடக்கேல்லையே," என்றார். "அவர் காரைச் சுத்தி ஒருக்கா நடந்தார். குனிஞ்சு குனிஞ்சு பாத்தார். பேந்து, 'பெயின்ற்றிலை ஒரு கீறலும் இல்லை, ஏறும்' எண்டார்."

"அவ்வளவுதானா?"

"நான் அழுதனான். அதை எழுதாதேங்கோ."

எழுதிவிட்டேன். மன்னிக்கட்டும்.

5

விரிசல் இடது பக்கம் என்பதால் தியாகலிங்கத்தால் ஓட்ட முடிந்தது. ஆனால் அது ஓரிடத்தில் நிற்கவில்லை. அவர் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் வசந்தமலர் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். பத்துப் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை, விரிசலின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியின் உட்புறம் ஒரு சிவப்புப் பொட்டு.

"என்ன செய்யிறீர்?"

"அளக்கிறன்."

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். தேர்வுக் குழு கலைந்துவிட்டது. தலைமையாசிரியர் மட்டும் வாசலுக்கு வந்தார். அதே மரியாதையான புன்னகை தொடங்குவதை வசந்தமலர் பார்த்தார்.

அது இடைவேளை நேரம். மாணவர்கள் காரைச் சூழ்ந்துவிட்டார்கள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், "மிஸ், இந்தச் சிவப்புப் புள்ளிகள் எதற்கு?" என்று கேட்டாள்.

ஐந்து வருஷமாக அவரை யாரும் 'மிஸ்' என்று கூப்பிட்டதில்லை. தன் இங்கிலீஷைப் பற்றி அவர் மறந்துபோனார். குளிர்ந்த கண்ணாடியில் சுடுநீர் பட்டால் ஓரிடம் மட்டும் விரியும், மற்ற இடம் விரியாது, அதனால் பிளக்கும் என்று சொன்னார். பொட்டுகளைக் காட்டினார். முதல் இடைவெளி நான்கு விரல், அடுத்தது மூன்று, அடுத்தது ஒன்றரை. ரயில் பாதையைத் தாண்டிய பிறகு மறுபடி நான்கு.

"நாங்கள் திரும்பிப் போகும்போது அடுத்த பொட்டு எங்கே வரும்?"

இனி நகராது என்றான் ஒருவன். ஒன்றரையோடு நின்றிருக்க வேண்டியது, ரயில் பாதைதான் கெடுத்தது என்றான் இன்னொருவன். தொப்பிக்காரப் பெண் யோசித்துவிட்டு, "தூரத்தைப் பொறுத்தது இல்லை மிஸ், குலுக்கலைப் பொறுத்தது," என்றாள்.

"அப்படியென்றால் நான் எதை அளந்திருக்க வேண்டும்?"

மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தலைமையாசிரியருடையது. "ஹீட்டர் போட்டிருந்தீர்களா? அது கணக்கில் வரவில்லையே?"

தியாகலிங்கம் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். "பிள்ளையள், சாயாதேங்கோ! பொத்தான் படும், பொத்தான் படும்!" அவர் தமிழில் கத்தியதுகூட எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

6

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முதல் ஃபோன் வந்தது. "பனிக் குறிப்பு எழுதினது நீங்களோ? அந்தக் கடைசி வரியின்ரை மிச்சம் என்ன?"

"ஆமா, நான்தான். மிச்சம்... 'டாம்'."

'வேண்... டாம்' என்று வசந்தமலர் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருமலோ என்று நினைக்கும்படி ஒரு சிரிப்பு. அது நிற்கவே வெகுநேரம் ஆனது. அதன் பிறகுதான் எல்லாம் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அக்டோபரிலிருந்து வேலை. தங்க ஒரு பள்ளி வீடு. வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று புதன்.

கதையை இங்கே சுபம் என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஊரில் பெயிண்ட் பட்டறை கிடையாது. வசந்தமலருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து இருவரும் ஒரு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. ஆகவே மூன்று முடிவுகள் எழுதி வைத்தேன்.

முடிவு அ: இருவரும் போகிறார்கள். தியாகலிங்கம் அங்கே சொந்தமாக ஒரு பட்டறை—

முடிவு ஆ: வசந்தமலர் மட்டும் போகிறார். வெள்ளி தோறும் பஸ்—

முடிவு இ: [இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

சாயங்காலம் வேலை முடிந்து மௌண்ட் ஆல்பர்ட்டில் என் வீட்டிலிருந்து ஃபோன் செய்து, எது சரி என்று கேட்டேன்.

"நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை," என்றார் வசந்தமலர். "அதுக்குள்ளை நீங்கள் முடிச்சுப் போடாதேங்கோ."

பின்னாலிருந்து தியாகலிங்கத்தின் குரல் கேட்டது: "மலர், அந்தக் கடிதத்தை ஒருக்கா எடும். அந்த வீட்டிலை கராஜ் இருக்கோ எண்டு பாரும்."

காகிதம் புரளும் சத்தம். அதற்கு மேல் ஒட்டுக்கேட்பது மரியாதையில்லை என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.

கராஜ் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?