உடைபடாத நூற்றேழு தேங்காய்

ஷர்மினி பேரில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டவள் அவளுடைய பெரியம்மா சாந்தினி. உடைக்கவேண்டியவன் பெற்ற தகப்பன் தனேஷ். உடைத்த கையோடு அவன் பிள்ளையைத் தன் ஊரான சுங்கை பாக்காப்புக்குக் கூட்டிப்போவான், பிள்ளையால் வந்த குடும்பப் பகையும் தீரும் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள். தைப்பூசத்தன்று ரதம் கண்ணுக்குத் தெரிகிறவரை தம்பி மோகனராஜிடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை.

மோகனராஜ் துறைமுகத்தில் கொள்கலன்களைக் கப்பலோடு இறுக்கிக் கட்டுகிறவன். தங்கச்சி புற்றுநோயில் போனபின் அவள் மகளைப் பதினோரு மாதமாக வளர்க்கிறான். தனேஷ் பிள்ளையை ஒரு அடி அடித்ததில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். அவன் சாமான்களைத்தான் அடித்தான். பீங்கான், கண்ணாடி, ஒருநாள் மீன்தொட்டி. எல்லாம் பிள்ளையின் தலைக்குமேல், சுவரில்.

வந்த புதிதில் தட்டு விழுந்தாலே எட்டு வயசுப் பிள்ளை கட்டிலுக்கடியில் போய்விடும். மோகனராஜ் பீங்கானையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் வாங்கினான். அவள் அடியில் போனால் இவனும் தரையில் படுத்துக்கொள்வான். வெளியே வா என்று சொல்லமாட்டான். கிரேன்காரன் சாப்பாட்டைக் காக்கா தூக்கிய கதையைச் சொல்வான். ஆறு மாதத்தில் அவள் ஒளிவதை விட்டாள்.

ரதம் வருமுன் அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்விடலாம் என்ற நினைப்பில் அவன் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அதற்குள் தனேஷ் புது வேட்டியில் வந்து முதல் தேங்காயை ஓங்கி அடித்தான். ஷர்மினி நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். யாரோ சிரித்தார்கள். சாமி காரியம், பழகிக்கொள்ளட்டும் என்றாள் சாந்தினி.

மோகனராஜ் தேங்காய்க் குவியலுக்கு முன்னால் போய் நின்றான்.

"கீழ வைங்க மாப்ள."

"ஒதுங்குடா. எம்புள்ளைக்கு நேர்ந்தது."

"அப்ப அவளக் கேளுங்க."

சாந்தினி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "கல்யாணமே ஆகாதவன், ஒனக்குப் புள்ள வளக்கத் தெரியுமாடா?"

"தெரியாதுதாங்க்கா. கத்துக்கிட்டேன். இவரு என்னா கத்துக்கிட்டாரு?"

சாமி குத்தம் ஆகிவிடும் என்று அவள் அழுதாள். ஆகட்டும், அது என் தலையில் விடியட்டும் என்றான் அவன்.

தனேஷ் குரலை இறக்கி மகளைக் கூப்பிட்டான். தேங்காய் இன்னும் அவன் கையில் இருந்தது. ஷர்மினி மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரல."

குரல் காற்றாகத்தான் வந்தது. அவள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை பக்கத்துப் பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தனேஷுக்கு முகம் கறுத்தது. கோர்ட்டுக்குப் போவேன் என்றான்.

"போங்கலா. நானும் இவளக் கூட்டிட்டு வர்றேன். ஜட்ஜ் கேட்டாலும் இதத்தான் சொல்லுவா."

தனேஷ் கையிலிருந்த தேங்காயைக் குவியலில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். ரதம் வந்தது. சாலை நெடுகத் தேங்காய்கள் வெடித்தன. அந்த ஒரு பந்தலுக்கு முன்னால் மட்டும் மிச்சம் நூற்றேழில் ஒன்றும் உடையவில்லை. தேங்காயில் கை வைக்க வந்தவர்கள் மோகனராஜ் பார்த்த பார்வையில் திரும்பிப் போனார்கள். ரதம் தாண்டியதும் நனைந்த கவுனோடு பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவள் காதைப் பொத்திக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. கூட்டம் வழி விடவில்லை. இடித்துக்கொண்டே நடந்தான்.