இரண்டாம் மதிப்பீட்டாளர்

ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் போய், "உங்களுக்கு இந்த உலகத்தில் யாரைக் கண்டால் ஆகாது?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்ல மாட்டார்கள். சம்பந்தியைக்கூடச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் மதிப்பீட்டாளர் என்பார்கள். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால், அது முகம் தெரியாத இரண்டு மூன்று பேரிடம் போகும். எழுதியது யார் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. படித்தது யார் என்று எழுதினவருக்குத் தெரியாது. முதலாமவர் நன்றாயிருக்கிறது என்பார். மூன்றாமவர் பரவாயில்லை என்பார். இந்த இரண்டாமவர் இருக்கிறாரே, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உப்பு குறைச்சல் என்று எழுந்து போகிற ஜாதி.

நம் பேராசிரியன் அந்த ஜாதிதான். ரேடியோ கருவிகளில் வந்து சேரும் இரைச்சலை அளப்பது அவன் வேலை என்பதால் மாணவர்கள் அவனுக்கு 'இரைச்சல் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் என்னவோ நேரில் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். மதிப்பீடு எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு வீரம் வந்துவிடும்.

அவன் மனைவியும் அதே துறையில் பேராசிரியை. இரண்டு பேரும் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்து, சமிக்ஞையைத் திரையில் காட்டும் ஒரே பழைய அலைக்காட்டிக்குச் சண்டை போட்டு, பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்கள். படித்து முடித்த கையோடு வேலை தேடியபோதுதான் கண்ணைக் கட்டியது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. ஒரே ஊரில் இரண்டு இடத்துக்கு எங்கே போவது? அவனுக்கு ஓர் ஊர், அவளுக்கு அரை நாள் ரயிலில் இன்னோர் ஊர். இதோ ஒரு வருஷம், அதோ ஒரு வருஷம் என்று பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊர் ஒன்றாகட்டும் என்று குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். வயது தள்ளிப்போகவில்லை.

இதில் வேடிக்கை, அவனுடைய அம்மா மருமகள் வீட்டில்தான் இருந்தாள். "உன் வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் இல்லடா. இங்க இவ இருக்கா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்த, மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து இறங்குவான். குளியலறையில் அவனுடைய பல்துலக்கிக்கு ஒரு கண்ணாடிக் குவளை உண்டு. வாரம் முழுக்க அது காய்ந்துபோய்க் கிடக்கும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சனி, ஞாயிறில் ஆய்வகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. முதல் வருஷம் ஒருமுறை ஏதோ ஒரு வரைபடத்தைப் பற்றி வாக்குவாதம் தொடங்கி, ஞாயிறு சாயங்காலம் ரயில் கிளம்பும்வரை இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கிடைப்பதே இரண்டு நாள், அதையும் இப்படியா தொலைப்பது என்று அவள்தான் சட்டம் போட்டாள். அவனும் தலையாட்டினான். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாய் ரிப்பேரையும் அம்மாவின் முழங்கால் வலியையும் பேசினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவள் தன் ஆய்வகத்தில் என்ன செய்கிறாள் என்பது மெல்ல மெல்ல அவனுக்குத் தெரியாமல் போனதை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. நல்ல சட்டம் என்றே நினைத்தான். படித்தவன் புத்தி!

அந்த வருஷம் அவன் துறையில் ஒரு இடம் காலியாயிற்று. அவள் விண்ணப்பித்தாள். மனைவி விண்ணப்பித்திருப்பதால் அவன் தேர்வுக்குழுப் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. ஆனால் துறைத் தலைவர் நல்ல மனுஷர். மாடிப்படியில் எதிரே வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. ஃபைல் நல்லா இருக்கு. பெரிய இதழ்ல ஒரே ஒரு கட்டுரை இப்ப வந்துட்டா யாரும் வாயத் தொறக்க முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இரவே அவளைப் போனில் அழைத்தான்.

"ஒண்ணு அனுப்பியிருக்கேன்" என்றாள் அவள். "என் மூத்த மாணவியோட வேலை. அவ பட்டமும் அதுலதான் தொங்குது. பாப்போம்."

என்ன கட்டுரை, எந்த இதழ் என்று கேட்டிருக்கலாம். அன்று சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம், கேட்கத் தோன்றவில்லை. "வந்துடும் பாரு" என்றான். பிறகு, புதிதாகப் பார்க்கப்போகும் வீட்டில் இரண்டு பேருக்கும் தனித்தனி மேஜை போட இடம் இருக்குமா என்று பேசினார்கள். அவள் ஜன்னல் பக்கம் தனக்குத்தான் என்றாள். போனை வைத்த பிறகும் அவன் வெகுநேரம் அந்த ஜன்னலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறினபோது, கெடு தாண்டின மதிப்பீடு ஒன்று அவன் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. இதழாசிரியர் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவளோடு இருக்கிற நேரத்தில் அது மண்ணள்ளிப் போடும். ரயிலிலேயே முடித்துத் தொலைத்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தான்.

பெயரில்லாத பன்னிரண்டு பக்கக் கட்டுரை. சதா தூங்கிக்கொண்டே இருந்து, தன் பெயரை யாராவது ரேடியோவில் கூப்பிட்டால் மட்டும் விழித்துக்கொள்கிற ஒரு சின்ன சிப். கூப்பிடும் குரல் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் கேட்டுவிடும் என்று எண்களோடு எழுதியிருந்தார்கள். அவன் புருவம் ஏறியது. இவ்வளவு மெலிதாகவா? இருக்காது. சமிக்ஞை கேபிள் வழியாக வந்ததா, இல்லை, பக்கத்தில் இருக்கும் கருவியிலிருந்து காற்றில் கசிந்து வந்ததா? கசிந்து வந்ததைக் கேட்டுவிட்டு, கேபிளில் வந்ததைக் கேட்டேன் என்று சிப் சொன்னால், அந்த எண்ணெல்லாம் பொய். கேபிளைக் கழற்றிய பிறகும் சிப் விழித்தால் குட்டு உடைந்துவிடும்.

கட்டுரையின் அடியில், 'சோதனை விவரங்கள் தனிப் பின்னிணைப்பில்' என்று இருந்தது. அழுத்தினான். ரயில் ஏதோ மலை இடுக்கில் போய்க்கொண்டிருந்தது; இணைய இணைப்பு சுற்றிச் சுற்றி வந்து நின்றுபோயிற்று. இன்னொரு தடவை அழுத்தியிருக்கலாம். ஸ்டேஷன் வந்த பிறகு பார்த்திருக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் அவள் நிற்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? விறுவிறு என்று எழுதினான்: "கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறையாவது பார்த்தார்களா? இந்த அடிப்படைச் சந்தேகம்கூட ஆசிரியர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஏற்கத் தக்கதல்ல." ஊர் நெருங்கி இணைப்பு திரும்பியதும் அனுப்பிவிட்டு, மடிக்கணினியை மூடிப் பையில் போட்டான். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நடைமேடையில் அவள் நீலக் குடையோடு நின்றிருந்தாள். அந்த இரண்டு நாளும் அவன் அவ்வளவு கலகலப்பாக இருந்தான் என்று அம்மாவே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நடைமேடையில் அவள் இல்லை. வேலை இருக்கிறது, நீயே வந்துவிடு என்று செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள் முகத்தில் சுரத்தே இல்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வீடே அமைதியா இருக்கு?" என்று அவன் அம்மாவைத்தான் கேட்டான்.

அம்மாவுக்குச் சட்டமாவது ஒன்றாவது. "அவ எழுதினதை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம்டா. அந்தப் பொண்ணு, அவ மாணவி, நேத்து இங்க வந்து ஒரே அழுகை. நாலு வருஷ உழைப்பாம்."

"விடுங்க அத்தை" என்றாள் அவள்.

"ஏன் விடணும்? நல்லா இருப்பானா அவன்? யாரோ ஒருத்தன், கேபிளைக் கழட்டிப் பாத்தியான்னு கேட்டிருக்கானாம். இவங்க கழட்டித்தான் பாத்திருக்காங்க. எல்லாம் பின்னாடி சேத்துதான் அனுப்பியிருக்காங்க. அதைப் பிரிச்சுப் பாக்கக்கூட அந்தப் படுபாவிக்கு நேரமில்ல. அவன் பொண்டாட்டி புள்ளைக்கு இப்படி ஒரு நிலைமை வந்தாத்தான் அவனுக்குப் புரியும்!"

பிசைந்த சோற்றை அவன் தட்டிலேயே வைத்தான். தண்ணீரை எடுத்துக் குடித்தான். அம்மா இன்னும் அந்தப் படுபாவியின் ஏழு தலைமுறையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது தன்னுடைய பரம்பரைதான் என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

அம்மா படுக்கப் போன பிறகு அவன் சமையலறைக்கு வந்தான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அந்த மதிப்பீடு..." என்றான்.

"தெரியும்" என்றாள் அவள், திரும்பாமலே.

"என்ன தெரியும்?"

"நீதான்னு தெரியும்." குழாயை மூடினாள். "ஒரு வரி படிச்சதும் தெரிஞ்சுது. கேபிளைக் கழட்டிப் பாத்தியான்னு கேக்குற ஆளு உலகத்துல வேற யாரு? உனக்கு அதைச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே."

உண்மைதான். படிக்கிற காலத்தில் அவன் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டதாக ஆய்வகத்தையே கூட்டியிருந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் வந்து கேபிளைப் பிடுங்கினவள் அவள். கேபிள் போன பிறகும் திரையில் சமிக்ஞை அப்படியே நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். அன்று முழுக்க அவன் வெட்கத்தில் வெந்தான். மறுநாள் அவளைத் தேநீருக்குக் கூப்பிட்டான்.

"ரயில்ல எழுதினேன்" என்றான். "இணைப்பு வரல. வீட்டுக்கு வந்தா உன்கூட இருக்கணும், வேலை எதுவும் இருக்கக்கூடாதுன்னு..." சொல்லச் சொல்ல அவனுக்கே கேவலமாக இருந்தது. "என்னோட அவசரத்துல உன் வயித்துல அடிச்சிட்டேன். எனக்கே என் மேல ஆத்திரமா வருது. இப்பவே இதழாசிரியருக்கு எழுதுறேன். நான் புருஷன்னு சொல்லி, அந்த மதிப்பீட்டைக் கணக்குல எடுத்துக்காதீங்கன்னு சொல்றேன்."

"எழுது. எழுதித்தான் ஆகணும். அந்தப் பொண்ணுக்காகவாவது." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா மறுபடி ஆள் தேடி, படிச்சு, முடிவு வர மாசக்கணக்கா ஆகும். உங்க குழு அடுத்த வாரம் கூடுது. இந்த இடம் போச்சு."

"தெரியும்."

"எனக்கு வருத்தம் அதுகூட இல்ல" என்றாள். குரல் உடைந்தது. "இடம் இன்னொண்ணு வரும், வராமலும் போகும். ஒரே ஒரு வரியில நான் உன்னைக் கண்டுபிடிச்சேன். நீ பன்னெண்டு பக்கம் படிச்சிருக்க. சோதனை அந்தப் பொண்ணு செஞ்சது. ஆனா யோசிச்சது, எழுதினது எல்லாம் நான். ஒரு இடத்துல கூட, இது அவ மாதிரி இருக்கேன்னு உனக்குத் தோணலயா?"

தோன்றியது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கக்கூடும். அவன் சொல்லவில்லை. அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். இருட்டில் நின்றபடியே அவன் இதழாசிரியருக்கு எழுதி அனுப்பினான்.

அந்த இரண்டு நாளும் வீட்டில் எல்லாம் வழக்கப்படி நடந்தது. மார்க்கெட்டுக்குப் போனார்கள். அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கினார்கள். ஞாயிறு சாயங்காலம் அவள் ஸ்டேஷன்வரை வந்தாள். அதற்கும் குறை வைக்கவில்லை.

ரயில் கிளம்பியதும் அவன் அவள் பெயரைத் தேடி, இத்தனை வருஷமாக அவள் எழுதினதையெல்லாம் இறக்கிக்கொண்டான். பழையதிலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஓரிடத்தில் அவள் ஒரு பெரிய தோல்வியை இரண்டே வரியில் நேர்மையாக ஒத்துக்கொண்டிருந்தாள். அது எந்த வருஷம் என்று பார்த்தான். அந்த வருஷம் இரண்டு பேரும் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் அவன் ஒருத்திக்காக ஏங்கியது நிஜம். ஆனால் அவளில் பாதியை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பாதிக்கும் சேர்த்து ஏக்கம் வந்தது.

கடைசியாக, அவனே திருப்பி அனுப்பிய கட்டுரை. அன்று காலை அவளிடமே கேட்டு வாங்கிக்கொண்ட பிரதி, பின்னிணைப்போடு. மூன்றாவது படத்தில் நின்றான். போனை எடுத்தான்.

"சொல்லு" என்றாள் அவள். "எதையாவது மறந்து வச்சிட்டியா?"

"இல்ல. மூணாவது படம். குளிர்ல சிப் முழிச்சுக்க ஏன் அவ்வளவு நேரம் எடுக்குது?"



"அதுலயும் தப்பு கண்டுபிடிக்கணுமா?"

"இல்ல. எனக்குப் புரியல. அதான் கேக்குறேன்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எங்களுக்கும்தான் புரியல" என்றாள். "ரொம்ப நாளா அந்தப் பொண்ணும் நானும் முட்டிக்கிட்டு இருக்கோம். ராத்திரி படுத்தா அதேதான் ஓடும். திரும்பி, 'ஏன்டா இப்படி ஆகுது?'ன்னு கேக்க பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்."

ரயில் அவளை விட்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வெளியே ஒரு சிறிய ஸ்டேஷன் நிற்காமல் கடந்து போயிற்று.

"இப்ப கேளு" என்றான்.

அவள் கேட்க ஆரம்பித்தாள்.