சாம்பல் நிற லென்ஸ்

நபூல் ஊரில் மணப்பெண்ணை அலங்கரிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அந்த வாயில் சூடு போட வேண்டும்.

என் அக்கா மகள் இஷ்ராஃப், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மருதாணி வைக்கும் நாளன்று என் அழகு நிலையத்துக்கு வந்தாள். கண்ணாடி போடுகிறவள். கல்யாணத்துக்கென்று மருத்துவரிடம் கண்ணை அளந்து, நிறமில்லாத லென்ஸ் வாங்கி வைத்திருந்தாள்.

"இதப் போட்டா யாருக்குடி தெரியும்? இந்தா, சாம்பல் கலர். போட்டோல சும்மா அள்ளும்," என்றேன். அதற்கு முன் இரண்டு மணப்பெண்கள் போட்ட லென்ஸ் அது.

"அடுத்தவங்க லென்ஸப் போடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே சித்தி."

"டாக்டரா வந்து மணப்பெண்ணா உக்காரப்போறாரு? நிமிரு."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சாயங்காலம் கழற்றி வைக்கும்போது லென்ஸ் மருந்து தீர்ந்திருந்தது. மருந்துக் கடை நாலு எட்டு தூரம்தான். போகச் சோம்பல். வீட்டில் வடித்த ஆரஞ்சுப் பூத் தண்ணீரை லென்ஸ் டப்பாவில் ஊற்றினேன். எங்கள் ஊரில் அது காப்பிக்கும் போகும், காய்ச்சல் நெற்றிக்கும் போகும்.

"சித்தி, அதுலயா?"

"எங்கம்மா எங்க ஏழு பேரு கண்ணுலயும் இதத்தான் விட்டா. எங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

கல்யாணத்தன்று அதையே மறுபடி போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வலது கண் சிவந்தது. உறுத்துகிறது என்றாள். "அம்மாவ விட்டுப் போறவ கண்ணு சிவக்காம என்னடி பண்ணும்?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தேன். மாமியார்க்காரி, "என் மருமகமேல ஊர்க்கண்ணு பட்டுடுச்சு," என்று சாம்பிராணி கொளுத்தி அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். அந்தப் புகையிலும் பிள்ளை போட்டோவுக்குச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் கணவன் லசாத் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். நானும் ஓடினேன்.

கருவிழியில் புண் என்றார் மருத்துவர். "யாரோட லென்ஸ்? எதுல ஊறவச்சீங்க?"

இஷ்ராஃப் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"என்னோடதுதான் டாக்டர். மருந்துலதான் வச்சேன்," என்றாள்.

இரண்டு நாள் சொட்டு மருந்து விட்டும் புண் பெரிதானது. மருத்துவர் மறுபடி கேட்டார். அப்போதுதான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், மருந்தை மாற்றினார். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது. ஆனா ரெண்டு நாள் வீணாப்போச்சு," என்றார்.

போன வாரம் இஷ்ராஃப் வந்திருந்தாள். நான் நீட்டிய காப்பிக் கோப்பையை அவள் கை ஒரு விரல் தள்ளித் தேடியது.

"அன்னைக்கு எதுக்குடி பொய் சொன்ன?" என்று கேட்டே விட்டேன்.

"லசாத் பக்கத்துல நின்னாரே. அவர் முன்னாடி உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்," என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். "நான் சொல்லலன்னாலும், நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் சித்தி."