சிக்னல் இல்லாத தீவு

ஊரையே விமானத்தில் ஏற்றி அனுப்பிய காதர் மைதீன், ஐம்பது வயதாகியும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருக்கு டிராவல்ஸ் கடை. துபாய்க்கும் சவுதிக்கும் போகிறவர்கள் அங்கேதான் டிக்கெட் போடுவார்கள். ஊர் திரும்பும்போது பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். காதர் அதைத் தின்றுகொண்டே அடுத்தவனுக்கு டிக்கெட் போடுவார். அவருக்கென்று இருந்தது ஒரே ஆசை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறையைப் பார்க்க வேண்டும். வீட்டில் சொன்னபோது, "முதல்ல மூட்டு வலிக்கு மாத்திரை போடுங்க" என்றாள் மனைவி ஜன்னத் பீவி.

சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் பஞ்சநதம்தான். இருவரும் புது ஆற்றுப் பாலத்திலிருந்து ஒன்றாகக் குதித்து நீச்சல் பழகியவர்கள். வயலும் அடுத்தடுத்த வயல், நடுவே ஒரு வரப்புதான். எரிவாயுக் குழாய் பதிக்கிறேன் என்று நட்ட பயிரில் கம்பெனிக்காரன் கல் ஊன்றியபோது இருவரும்தான் முதலில் போய்ப் படுத்து மறித்தார்கள். பன்னிரண்டு நாள் திருச்சி ஜெயில். உள்ளே மற்றவர்கள் எந்தக் கட்சி ஆட்சியில் எவன் நிலத்தை விற்றான் என்று அடித்துக்கொண்டபோது, இவர்கள் இருவரும் அந்தமானில் எந்தத் தீவு என்று அடித்துக்கொண்டார்கள்.

பஞ்சநதத்துக்கு ஹாவ்லாக். "பெரிய தீவு, முங்கிப் பாக்க இருவது இடம் இருக்கு. கூட்டம் இருந்தாத்தான்டா கொண்டாட்டம்."

காதருக்குப் பக்கத்துத் தீவான நீல். அங்கே கடலோரமாகவே நெல்வயலும் வாழைத்தோட்டமும் உண்டு என்று படித்திருந்தார். "கடல்லேருந்து ஏறினா வரப்புடா! நமக்குன்னே படைச்ச மாதிரி" என்பார். முடிவு ஏற்படாமலே ஜாமீன் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஊரில் சங்கம் வைத்தார்கள். எவரும் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுவதில்லை என்று சத்தியம். பஞ்சநதம் செயலாளர். காதர் நாள் முழுக்கக் கடையில் இருப்பதால் அவர் பேருக்கு வரும் நோட்டீசையும் தலையாரி பஞ்சநதத்திடமே கொடுத்துவிடுவார். காதரும் நிம்மதியாக இருந்தார். மலாயாவில் அத்தா முதுகொடியச் சம்பாதித்து வாங்கிய மூன்று மா நிலம் அது. அதைத் தன்னைவிடப் பஞ்சநதம் நன்றாகக் காப்பான் என்றுகூட நினைத்தார். நினைப்பதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் நினைக்கலாம்.

பொங்கல் கழிந்து சம்பா அறுப்பு முடிந்த கையோடு பஞ்சநதம் கடைக்கு வந்தார்.

"மாப்ளே, பிப்ரவரி பதினாலு கெளம்புறோம், பத்தொம்போது திரும்புறோம். செலவு என்னுது. தீவை மட்டும் முடிவு பண்ணு."

காதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் தொழில் தர்மம் விடவில்லை. இரண்டு தீவின் நல்லது கெட்டதையும் கம்ப்யூட்டரில் காட்டினார். "நீல்ல ஒரே ஒரு கொறைதான்டா. போன் எடுக்காது. போட்டும் கம்மி. போயிட்டா நெனச்ச நேரத்துக்குத் திரும்ப முடியாது. ஹாவ்லாக்ல அப்பப்ப சிக்னல் கெடைக்கும்."

பஞ்சநதம் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "நீலே போடு" என்றார். "உன் ஆசைதான்டா முக்கியம்."

காதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயிலில்கூட விட்டுக்கொடுக்காதவன் இப்போது விட்டுக்கொடுக்கிறான்! அன்றே டிக்கெட் போட்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "சிநேகிதன்னா பஞ்சநதம் மாதிரி இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அவர்கள் காதைப் புளிக்க வைத்தார்.

முங்க வருகிறவர்கள் ஆஸ்துமா, காதுவலி, ரத்தக்கொதிப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் கையெழுத்தோடு முன்கூட்டியே படிவம் அனுப்ப வேண்டும். காதர் தன்னுடையதை உடனே அனுப்பிவிட்டார். பஞ்சநதத்தின் படிவம் வரவில்லை என்று முங்கக் கூட்டிப்போகிறவர்கள் இரண்டு தடவை மெயிலில் நினைவூட்டினார்கள். கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. சோம்பேறிப் பயல், நாமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவோம் என்று காதர் அவர் வீட்டுக்குப் போனார். பஞ்சநதம் இல்லை. அவர் மனைவி நீலாம்பாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அவுக எங்கண்ணே கடலுக்கு வரப்போறாக? பதினாறாந்தேதி தாலுகா ஆபீஸ்ல விசாரணையாச்சே. ஆட்சேபணை இருக்கவங்க அன்னைக்கு ஆஜராகணுமாம். வராதவங்க சம்மதிச்சதா அர்த்தமாம். நீங்க மட்டும்தான் தீவுக்குப் போறீங்கன்னு சொன்னாகளே?"

காதர் மோரைக் கீழே வைத்தார்.

"ஆனா இனிமே பயமில்லண்ணே. நம்ம வயலை விட்டுட்டு லைனை அந்தாண்ட தள்ளிட்டாங்களாம். ஒரு வாரமாத்தான் இவுக நல்லாத் தூங்குறாக. ஒங்க வயலையும் விட்டுட்டாங்கல்ல?"

அந்தாண்ட என்றால் எங்கே? வரப்புக்கு அந்தாண்ட இருப்பது காதரின் வயல் மட்டும்தான். பாவம், அந்தப் பெண் வெள்ளையாகக் கேட்டுவிட்டு வெள்ளையாகவே நின்றாள். அவளிடம் என்ன சொல்வது?

வாசலில் பைக் சத்தம் கேட்டது. பஞ்சநதம் உள்ளே வந்து காதரைப் பார்த்தார், பிறகு பொண்டாட்டியைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"மாப்ளே, உக்காரு. சொல்றேன்."

"நோட்டீசு எப்ப வந்துச்சு?"

"பொங்கலுக்கு முன்னாடி."

"எனக்கு?"

"உனக்கும் சேத்துத்தான்." பஞ்சநதம் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருடா. உன் பக்கம் ஆட்சேபணை வராமப் பாத்துக்கிட்டா என் வயலை விட்டுடுறோம்னான் கம்பெனிக்காரன். ரெண்டு வயலும் போறதுக்கு ஒண்ணாவது தப்பிக்கட்டுமே. உனக்குக் கடை இருக்கு. எனக்கு மண்ணை விட்டா என்ன இருக்கு? அதுக்காக உன்னை அப்படியே விட்டுடலையே. நீ ஆசைப்பட்ட எடத்துக்குத்தானே அனுப்புறேன்?"

"போன் எடுக்காத எடமாப் பாத்து."

காதருக்கு நிலம் போவதைவிட இதுதான் அறுத்தது. தன் வாயாலேயே அந்தத் தீவின் குறையைச் சொல்லி, அந்தக் குறைக்காகவே அவன் அதைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து, அன்பு என்று கண் கலங்கியிருக்கிறோமே! இப்படியும் ஒரு முட்டாள் உண்டா? நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பவன்கூடக் கத்தியை அவனேதான் கொண்டுவருவான்.

பதினாறாம் தேதி தாலுகா அலுவலகத்துக்குக் காதர்தான் முதல் ஆளாகப் போனார். பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், கரைவேட்டிகள் வந்தன, பஞ்சநதமும் வந்தார். காதரைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். காதர் பேரைக் கூப்பிட்டார்கள்.

"உங்க சங்கச் செயலாளர் நீங்க சம்மதிச்சு வெளியூர் போயிட்டதா எழுதிக் கொடுத்திருக்காரே?" என்றார் அதிகாரி.

"போகலீங்க. சம்மதிக்கவும் இல்லீங்க. என் வயல்ல குழாய் போடக் கூடாது. ஆட்சேபணை இருக்கு."

அதிகாரி பேனாவை எடுத்தார். "சரி, பதிஞ்சுக்குறேன். அடுத்த விசாரணைக்குத் தேதி வரும். ஆட்சேபணை யார் மேல? கம்பெனி மேலயா, பொய்யா எழுதிக் கொடுத்த இவர் மேலயா?"

அறை முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. காதர் மட்டும் திரும்பவில்லை.

"கம்பெனி மேலன்னே எழுதிக்குங்க சார்" என்றார். "அந்தாளு மேல உள்ளதுக்கெல்லாம் இந்த ஆபீஸ்ல மனு வாங்க மாட்டீங்க."